குதிரையின் தொண்டையில் நீர்க்கட்டி: கத்தியா, கம்பியா, லேசரா, ஊசியா?

பயிற்சிக்கு வந்து சில வாரங்களே ஆன இரண்டு வயதுக் குதிரை. நடக்கவிட்டால் ஒன்றும் தெரியாது. வேகம் எடுத்தால் தொண்டையிலிருந்து கரகரவென்று சத்தம் வரும், சீக்கிரம் களைத்துப்போகும். தீவனம் தின்னும்போது அவ்வப்போது இருமல், சில சமயம் மூக்கு வழியாகத் தீவனத் துணுக்கும் வெளியே வரும். எண்டோஸ்கோப்பை, அதாவது நுனியில் கேமரா உள்ள மெல்லிய குழாயை, விட்டுப் பார்த்தால் குரல்வளை மூடிக்கு அடியில் வழவழப்பான ஓர் உருண்டை தெரிகிறது. நீர்க்கட்டிதான் என்று உறுதியானதும் அடுத்த கேள்வி, எப்படி எடுப்பது என்பது.

வழிகள் பல இருக்கின்றன. கழுத்தின் அடியில் கீறித் திறந்து எடுக்கலாம். முழு மயக்கத்தில் வாய் வழியாக எடுக்கலாம். குதிரையை நிற்கவைத்தே மூக்கு வழியாகக் கம்பி வளையத்தால் அறுக்கலாம், லேசரால் சுடலாம், பார்மலின் ஊசி போட்டுக் கட்டியைச் சுருங்கவைக்கலாம். கீறாமல், படுக்கவைக்காமல் செய்யும் வழிகளுக்கு இப்போது நல்ல வரவேற்பு. அதற்கு நியாயமும் இருக்கிறது. ஆனால் கருவியை முதலில் முடிவு செய்துவிட்டுக் கட்டியைப் பார்ப்பது தலைகீழ் வேலை. கட்டி எந்த இடத்தில் இருக்கிறது, அடிப்பகுதி எவ்வளவு அகலம், எடுத்த பிறகு சுற்றியுள்ள சவ்வு எவ்வளவு மிஞ்சும் என்ற மூன்றும் தெரிந்துவிட்டால் வழி பெரும்பாலும் தானே அமைந்துவிடும்.

சவ்வைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை? குதிரையால் வாயால் மூச்சு விட முடியாது, மூக்கு ஒன்றே வழி. அதற்கேற்றபடி குரல்வளை மூடி எப்போதும் மென் அண்ணத்தின் (வாயின் மேற்கூரையில் பின்பக்கம் இருக்கும் மென்மையான சதை) மேலே உட்கார்ந்திருக்கும். விழுங்கும் நொடியில் மட்டும் அது பின்பக்கம் மடிந்து குரல்வளையை மூடும், உடனே பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். இந்த அசைவுக்கு இடம் கொடுப்பது மூடிக்கு அடியில் தளர்வாக, மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் சவ்வு. அந்தத் தளர்வான இடத்தில்தான் இந்தக் கட்டிகள் பெரும்பாலும் வளர்கின்றன. கட்டியோடு சேர்த்துச் சவ்வையும் தாராளமாக வெட்டிவிட்டால் அங்கே தழும்பு விழும். தழும்பு சுருங்கி மூடியைக் கீழே இழுக்கும். மென் அண்ணம் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அப்படி ஆன குதிரைக்குக் கட்டி போய்விட்டது, மூச்சுத் தடை போகவில்லை. அண்ணம் நிரந்தரமாக இடம் மாறிவிட்டால் அதைச் சரிசெய்வது கட்டியை எடுப்பதைவிடப் பல மடங்கு கடினம்.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். கட்டியின் உள்சுவர் முழுதாகப் போகாவிட்டால் அது மறுபடியும் சுரந்து நிறையும். ஊசி குத்தி நீரை உறிஞ்சி எடுப்பது மட்டும் சிகிச்சை ஆகாததற்கு இதுதான் காரணம். மூச்சுத் திணறும் குதிரைக்கு அந்த நேரத்து ஆறுதலுக்காகச் செய்யலாம், அவ்வளவுதான். ஆக, உள்சுவரை முழுதாக ஒழிக்க வேண்டும், வெளிச் சவ்வைக் கூடிய மட்டும் விட்டுவைக்க வேண்டும். எல்லா வழிகளையும் இந்த ஒரே தராசில்தான் நிறுத்துப் பார்க்கிறேன்.

இந்தக் கட்டிகளில் பல பிறவியிலேயே வருபவை. கருவில் தைராய்டு சுரப்பி நாக்கின் அடியிலிருந்து கழுத்துக்கு இறங்கிவரும் பாதை முழுதாக மறையாமல் மிச்சம் நின்றால் அது மூடிக்கு அடியில் கட்டியாகலாம். தொண்டையின் மேற்கூரையில் வருபவை மூளையடிச் சுரப்பி உருவான பாதையின் மிச்சமாக இருக்கலாம் என்பார்கள். அழற்சியோ காயமோ ஏற்பட்டுச் சளிச் சுரப்பியின் வாய் அடைபட்டு, வயதான குதிரைக்குப் புதிதாக வருவதும் உண்டு. பெரும்பாலும் கண்டுபிடிக்கப்படுவது பந்தயத்துக்குத் தயாராகும் இளம் தரோபிரெட், ஸ்டாண்டர்ட்பிரெட் குதிரைகளில்தான். அவற்றைத்தான் வேகமாக ஓடவைத்துச் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்கிறோம், அவற்றைத்தான் அடிக்கடி எண்டோஸ்கோப் செய்கிறோம் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

முதலில் சரியாகப் பார்த்தாக வேண்டும்

மூடிக்கு அடியில் இருக்கும் கட்டி ஒளிந்து விளையாடும். மென் அண்ணத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் எண்டோஸ்கோப்பில் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். மூடி வழக்கத்தைவிடச் சற்றுத் தூக்கலாக நிற்பது மட்டும்தான் சில சமயம் கிடைக்கும் துப்பு. அதனால் குழாய் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் பாய்ச்சிக் குதிரையைப் பலமுறை விழுங்கவைத்துப் பார்ப்பது வழக்கம். அப்போதும் சந்தேகம் தீராவிட்டால் தொண்டையை லிக்னோகைன் தெளித்து மரக்கச் செய்து, நீண்ட இடுக்கியால் மூடியைத் தூக்கி அடியைப் பார்க்கலாம். பக்கவாட்டு எக்ஸ்ரேயும் உதவும். சில குதிரைகளைக் கொஞ்ச நேரம் மயக்கிப் படுக்கவைத்து வாய்க்குள் கைவிட்டுத் தடவிப் பார்ப்பதும் உண்டு. மருத்துவரின் விரலுக்குக் கிடைக்கும் தகவல் சில நேரம் கேமராவுக்குக் கிடைப்பதில்லை.

இந்தப் படியில் அவசரப்படக் கூடாது. மூடியைச் சவ்வு போர்த்திக்கொள்ளும் கோளாறு, முள்ளோ குச்சியோ குத்தி வந்த சீழ்க்கட்டி, சதை வளர்ச்சி, அபூர்வமாகப் புற்று என எல்லாமே அந்த இடத்தில் உருண்டையாகத் தெரியலாம். சீழ்க்கட்டிக்கும் நீர்க்கட்டிக்கும் ஒரே சிகிச்சை இல்லை.

கழுத்தைத் திறக்கும் பழைய வழி

குதிரையை முழு மயக்கத்தில் மல்லாத்திப் படுக்கவைத்து, கழுத்தின் அடியில் குரல்வளையின் குருத்தெலும்புகளுக்கு நடுவே இருக்கும் சவ்வைக் கீறி உள்ளே போவார்கள். மூடியைப் பின்னோக்கி மடித்துக் கட்டியை நேரடியாகக் கண்ணால் பார்த்து, உரித்து எடுப்பார்கள். நேரடியாகப் பார்ப்பதுதான் இதன் பலம். உள்சுவர் எங்கே முடிகிறது, சவ்வு எங்கே தொடங்குகிறது என்று பிரித்து அறுக்க இதைவிடத் தெளிவான வழி இல்லை. லேசரோ தனிக் கருவிகளோ வேண்டியதில்லை. எடுத்த கட்டியை முழுதாக ஆய்வுக்கூடத்துக்கும் அனுப்பலாம்.

விலை என்ன என்றால், முதலில் மயக்கம். குதிரைக்கு முழு மயக்கம் என்பது நாய்க்கோ பூனைக்கோ கொடுப்பது போல இல்லை. 2002-இல் வெளிவந்த ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வில், வயிற்றுவலி அறுவைகளைத் தவிர்த்துப் பார்த்தாலும் நூற்றுக்குக் கிட்டத்தட்ட ஒரு குதிரை மயக்கத்தை ஒட்டிய நாட்களில் இறந்திருந்தது. பின்னாளில் வந்த கணக்குகள் இதைவிட நம்பிக்கை தருகின்றன. என்றாலும் அரை டன் எடையுள்ள மிருகம் மயக்கம் தெளிந்து தட்டுத்தடுமாறி எழும் அந்த நேரத்தில் காலை முறித்துக்கொள்ளும் ஆபத்தை யாராலும் முழுதாக நீக்க முடியாது.

அடுத்தது காயம். கழுத்தின் கீறலைப் பெரும்பாலும் தைத்து மூடாமல் திறந்தே விட்டு, தானாக ஆறவிடுவார்கள். ஆற இரண்டு மூன்று வாரம் ஆகும், தினமும் சுத்தம் செய்ய வேண்டும். லாயத்தில் பொறுமையான ஆள் இருந்தால் இது பெரிய விஷயமில்லை. இல்லாவிட்டால் பெரிய விஷயம்தான்.

இந்த வழியைப் பழையது என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அகன்ற அடியுள்ள பெரிய கட்டிக்கும், வேறு வழியில் எடுத்தும் திரும்பி வந்த கட்டிக்கும் இன்றும் இதுவே நேர்மையான யோசனையாக இருக்கலாம்.

வாய் வழியாக, ஆனால் மயக்கத்தில்

கழுத்தைத் திறப்பதற்கும் நிற்கவைத்துச் செய்வதற்கும் நடுவே நிற்கும் வழி இது. மயக்கம் உண்டு, கீறல் இல்லை. வாயை விரித்துவைத்து எண்டோஸ்கோப்பை வாய்வழி விட்டு, கட்டியை இடுக்கியால் இழுத்துப் பிடித்து, அதன் அடியில் கம்பி வளையத்தை மாட்டி இறுக்கி அறுப்பார்கள். குதிரை அசையாது, விழுங்காது, மருத்துவருக்கு அவகாசம் கிடைக்கும். மயக்கத்தின் ஆபத்து அப்படியே இருக்கிறது, கழுத்துக் காயத்தின் தொல்லை போய்விடுகிறது. நிற்கவைத்துச் செய்ய முடியாத முரட்டுக் குதிரைக்கும், மூக்குப் பாதை குறுகலான சிறிய உடம்புக்கும் இது நல்ல சமரசம்.

ஒரு எச்சரிக்கை. மயக்கத்தில் குதிரைக்கு ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கும்போது தொண்டையில் லேசரைப் பயன்படுத்தினால் மூச்சுக்குழாய்க்குள் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. மயக்கத்தில் லேசர் என்று யாராவது சொன்னால், தீத் தடுப்புக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். தெளிவான பதில் வரவில்லை என்றால் கம்பியே போதும்.

நிற்கவைத்துக் கம்பி வளையம்

குதிரையை மரத்தடுப்புக்குள் நிறுத்தி, டெட்டோமிடின், பியூட்டார்பனால் போன்ற மருந்துகளால் அரைத் தூக்கத்தில் வைத்து, தலையைத் தாங்கிப் பிடித்து, தொண்டையை மரக்கச் செய்துவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். ஒரு மூக்குத் துளையில் எண்டோஸ்கோப், இன்னொன்றில் இடுக்கி. கட்டியை உடையாமல் பிடித்து மேலே தூக்கி, காம்பில் வளையத்தை மாட்டி இறுக்கினால் வேலை முடிந்தது.

காம்போடு தொங்கும் கட்டிக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை என்பது என் எண்ணம். சுற்றியுள்ள திசு வேகாது, தழும்பு குறைவு, ரத்தமும் அதிகம் வராது. ஆனால் கட்டி உடையாமல் இருக்க வேண்டும். இடுக்கியின் பல் பட்டுக் கட்டி உடைந்தால் நீர் வழிந்து தோல் மட்டும் சுருங்கிக் கிடக்கும். அப்புறம் எது கட்டியின் சுவர், எது சாதாரணச் சவ்வு என்று எவ்வளவு தேர்ந்த கண்ணுக்கும் பிடிபடாது. அந்த நிலையில் வளையத்தை இறுக்கினால் வேண்டாத சவ்வையும் சேர்த்து அறுத்துவிடவோ, சுவரில் பாதியை விட்டுவிடவோ நேரலாம். காம்பில்லாமல் அகலமாகப் பதிந்திருக்கும் கட்டியில் வளையம் நிற்காமல் வழுக்கிவிடும். அங்கே பிடிவாதம் பிடிக்காமல் வேறு வழிக்கு மாறுவதுதான் சரி.

லேசர்

இதிலும் குதிரை நின்றபடியேதான் இருக்கும். எண்டோஸ்கோப்பின் குழாய் வழியாகவே மெல்லிய ஒளியிழை போகும். கால்நடை மருத்துவத்தில் முதலில் பரவியது 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர். பிறகு டயோடு லேசர் வந்தது. கையில் தூக்கிச் செல்லும் அளவுக்குச் சிறியது என்பதால் இன்று அதிகம் புழங்குவது அதுதான்.

லேசரின் மதிப்பு தெரிவது தொண்டைக் கூரையிலும் பக்கச் சுவரிலும் இருக்கும் கட்டிகளில். அங்கே கம்பிக்குப் பிடி கிடைக்காது, கத்தி எட்டாது. எண்டோஸ்கோப்போ நேராகவே எட்டிவிடும். அந்தக் கட்டிகள் குரல்வளை மூடிக்கு எதிரே, தள்ளி இருப்பதால் தழும்பு விழுந்தாலும் மூடியின் அசைவு கெடுவதில்லை. மூடிக்கு அடியில் உள்ள அகன்ற கட்டியையும் இடுக்கியால் தூக்கிப் பிடித்து, லேசரால் சுற்றி அறுத்து எடுக்கலாம். அறுக்கும்போதே ரத்தக் குழாய்கள் அடைபடுவதால் பார்வை தெளிவாக இருக்கும்.

ஆனால் வெப்பம் கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு நின்றுவிடாது. இழையின் நுனி திசுவைத் தொட்டபடி வெட்டினால் சேதம் ஓரளவு கட்டுக்குள் இருக்கும், தூரத்திலிருந்து சுட்டால் ஆழமாக இறங்கும். மூடியின் குருத்தெலும்பு வரை சூடு பாய்ந்தால் அது தடித்து, வளைந்து, உருக்குலையலாம். அன்று கேமராவில் அழகாகத் தெரிந்த வேலை இரண்டு வாரம் கழித்து வீக்கமாகவும் தழும்பாகவும் வெளிப்படுவது இதனால்தான். மூடியின் அடியில் லேசர் பிடிப்பவருக்கு முன்பே அந்த இடத்தில் நல்ல பழக்கம் இருக்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன். கூரைக் கட்டி கொஞ்சம் மன்னிக்கும். மென் அண்ணத்துக்குள்ளேயே இருக்கும் கட்டியில் சூடு ஆழமாகப் போனால் அண்ணத்தில் ஓட்டை விழலாம், பிறகு தின்பதெல்லாம் மூக்கில் வரும்.

பார்மலின் ஊசி

கீறலும் இல்லை, அறுப்பதும் இல்லை. எண்டோஸ்கோப் வழியாக நீண்ட ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, நீரை உறிஞ்சிவிட்டுப் பார்மலினை நிரப்புவார்கள். அது உள்சுவரின் உயிரணுக்களைக் கொன்றுவிடும். நாளடைவில் கட்டி வாடிச் சுருங்கும். மூக்கின் உட்பகுதியில் வரும் எத்மாய்டு ரத்தக்கட்டிகளுக்கு இந்த முறை வெகு காலமாகவே கையாளப்படுகிறது, அங்கிருந்துதான் நீர்க்கட்டிக்கும் வந்தது.

கேட்பதற்கு மிக எளிதாக இருக்கிறது. தேவையான கருவிகளும் குறைவு. சவ்வை அறுப்பதில்லை என்பதால் என் தராசில் கனமான நியாயம் இதன் பக்கம் இருக்கிறது. காம்பில்லாமல் பதிந்து, கம்பியும் மாட்டாமல், லேசர் வைக்கவும் தயக்கமாக இருக்கும் கட்டிக்கு இதை முதலிலேயே யோசிக்கலாம். எதுவும் வெட்டப்படவில்லை என்பதால் பலிக்காவிட்டாலும் மற்ற வழிகள் அடைபடுவதில்லை.

குறைகளும் உண்டு. ஒரே தடவையில் முடியாமல் சில வாரம் விட்டு மறுபடி போட வேண்டி வரலாம். ஊசி போட்ட பிறகு வீக்கம் வரும். மூச்சுப் பாதையில் இடம் ஏற்கெனவே குறைவாக இருந்தால் அந்த வீக்கமே ஆபத்து. அவசரத்துக்குக் கழுத்தில் மூச்சுக்குழாயைத் திறந்து குழாய் பொருத்தும் ஏற்பாடு தயாராக இல்லாமல் ஊசியை எடுக்கக் கூடாது. கட்டியிலிருந்து பார்மலின் வழிந்தால் தொண்டையைப் புண்ணாக்கும், நுரையீரலுக்குப் போனால் இன்னும் மோசம். அருகில் நிற்கும் மனிதர்களையும் யோசிக்க வேண்டும். பார்மலினில் இருக்கும் பார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என வகைப்படுத்தப்பட்டது, கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். ஆய்வுக்கு அனுப்பத் திசு கிடைக்காது என்பது இன்னொரு குறை. கட்டியின் தன்மை பற்றிச் சிறிதளவு சந்தேகம் இருந்தாலும் இந்த வழியை விட்டுவிடுவேன். இந்தக் கட்டிகளில் பார்மலினுக்கு இருக்கும் அனுபவம் கம்பிக்கும் கத்திக்கும் இருக்கும் அனுபவத்தைவிடக் குறைவு என்பதையும் உரிமையாளரிடம் சொல்லிவிட வேண்டும்.

குட்டி என்றால் கணக்கு மாறும்

பால் குடிக்கும் குட்டியின் மூக்கில் பால் வழிந்தால், அண்ணப் பிளவு இருக்கிறதா என்று பார்ப்பதோடு இதையும் நினைக்க வேண்டும். குட்டிக்குப் பெரிய எதிரி புரையேறிப் பால் நுரையீரலுக்குப் போய் வரும் நிமோனியா. கட்டியை விட அதுதான் சீக்கிரம் கொல்லும். அதனால் நெஞ்சைப் பரிசோதித்து, ஆன்டிபயாடிக் தொடங்கி, குட்டி ஓரளவு தேறிய பிறகே கட்டிக்கு வர வேண்டும். மூக்குப் பாதை சிறியது என்பதால் எண்டோஸ்கோப்பும் இடுக்கியும் சேர்ந்து போவது கடினம். நிற்கவைத்துச் செய்யும் வழிகள் பல குட்டிக்குப் பொருந்துவதில்லை. வாய் வழியாகவோ கழுத்தைத் திறந்தோ மயக்கத்தில் எடுப்பதே நடைமுறை. மறுபுறம், எடை குறைவு என்பதால் மயக்கம் தெளியும்போது கைகொடுத்து எழுப்பிவிடலாம்.

சரி, எதை எடுப்பது?

வளர்ந்த, அடங்கி நிற்கும் குதிரை, மூடிக்கு அடியில் காம்போடு தொங்கும் கட்டி என்றால் நிற்கவைத்துக் கம்பி. தொண்டைக் கூரை, பக்கச் சுவர் என்றால் லேசர். மூடிக்கு அடியில் அகலமாகப் பதிந்த சிறிய கட்டி என்றால், கைதேர்ந்தவர் இருந்தால் லேசர், இல்லாவிட்டால் பார்மலினை முயன்று பார்ப்பேன். குதிரை தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும் ரகம் என்றால் வாய் வழியாக மயக்கத்தில். பெரிய கட்டி, திரும்பி வந்த கட்டி, சந்தேகத்துக்குரிய கட்டி என்றால் கழுத்தைத் திறப்பதற்குத் தயங்க மாட்டேன்.

இதையெல்லாம் மாற்றிவிடக்கூடிய ஒன்று, செய்பவரின் கை. கம்பியில் பழகிய மருத்துவர் கம்பியால் எடுப்பது, அவரே புதிதாக வாங்கிய லேசரால் எடுப்பதைவிட நல்லது. இந்தக் கட்டி அபூர்வமானது. ஒருவருக்கு ஆண்டுக்கு ஒன்று வந்தாலே அதிகம். அதனால் ‘இந்தக் கட்டியை எத்தனை முறை எடுத்திருக்கிறீர்கள்’ என்று மட்டும் கேட்டால் போதாது. மூடியின் அடியில் வேறு வேலைகள் செய்து பழக்கம் உண்டா, கட்டி நடுவில் உடைந்தால் அடுத்து என்ன செய்வீர்கள் என்றும் கேட்க வேண்டும். இந்தக் கடைசிக் கேள்விக்கான பதிலில்தான் அனுபவம் தெரியும்.

எதுவுமே செய்யாமல் விடுவதும் ஒரு வழிதான். பந்தயத்தை விட்ட வயதான குதிரை, வேறு எதற்கோ எண்டோஸ்கோப் செய்தபோது தற்செயலாகத் தெரிந்த சிறிய கட்டி, தின்பதிலும் மூச்சிலும் குறை இல்லை என்றால் சில மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். கட்டி வளர்ந்தாலோ புரையேற ஆரம்பித்தாலோ அப்போது முடிவெடுக்கலாம்.

பிந்திய பராமரிப்பு எல்லா வழிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வீக்கத்தைக் குறைக்க சில நாள் பீனைல்பியூட்டசோன் அல்லது டெக்சாமெத்தசோன், நனைத்த மென்மையான தீவனம், அதையும் தரையில் வைத்துத் தலை தாழ்ந்து தின்னும்படி கொடுப்பது. தூசி பறக்கும் காய்ந்த புல் கூடாது. பந்தயக் குதிரை என்றால் இந்த மருந்துகள் உடம்பை விட்டு நீங்க வேண்டிய காலத்தைப் போட்டி விதிகளோடு ஒத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓய்வு விஷயத்தில்தான் ஏமாற்றம் அதிகம் நடக்கிறது. வெளியே காயமே இல்லாததால் குதிரை ஒரு வாரத்தில் பழையபடி துள்ளும், பயிற்சியாளருக்கும் கை துறுதுறுக்கும். உள்ளே சவ்வு ஆற நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். அதற்குள் வேகமாக ஓடவிட்டால் ஆறும் இடம் மறுபடி வீங்கித் தழும்பு தடிக்கும். ஓய்வு முடிந்ததும் சத்தம் வருகிறதா என்று ஓடவிட்டுப் பார்ப்பதற்கு முன்பே ஒருமுறை எண்டோஸ்கோப் செய்து மூடி அண்ணத்தின் மேல் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அது சரியாக இருந்தும் ஓடும்போது சத்தம் நீடித்தால், ஓடும் நிலையிலேயே பார்க்கும் எண்டோஸ்கோப் செய்து பார்க்க வேண்டியிருக்கும். அண்ணம் ஓட்டத்தின்போது மட்டும் இடம் மாறுவது நின்ற நிலையில் பிடிபடாது.